சீட்டுக்கடியில் இரண்டு சுருள்

சைக்கிளில் டபுள்ஸ் போன எல்லோருக்கும் இந்த அநியாயம் தெரியும். வண்டி ஒன்று, பள்ளமும் ஒன்று. மிதிப்பவர் லேசாகக் குலுங்கிவிட்டு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார். கேரியரில் உட்கார்ந்திருப்பவருக்கோ இடுப்பில் விழுந்த அடி முதுகுத்தண்டு வழியாக மண்டைவரை ஏறும்.

இதற்கு இரண்டு காரணங்கள். முதல் காரணம், உட்காரும் இடம். கேரியர் பின்சக்கரத்தின் அச்சுக்கு ஏறக்குறைய நேர் மேலே இருக்கிறது. சக்கரம் இரண்டு சென்டிமீட்டர் எழும்பினால் கேரியரும் முழு இரண்டு சென்டிமீட்டர் எழும்பும். சீட்டு அப்படி இல்லை. இரு சக்கரங்களுக்கும் இடையில், பின்சக்கரத்தின் பக்கம் சற்றுத் தள்ளி இருக்கிறது. பின்சக்கரம் மேடேறும் நேரத்தில் முன்சக்கரம் தரையில்தான் உருண்டுகொண்டிருக்கும். அதனால் சீட்டு எழும்புவது மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குத்தான். இரண்டாவது காரணம், சீட்டுக்கு அடியில் பின்பக்கமாக நிற்கும் இரண்டு ஸ்பிரிங்குகள். கேரியரில் வெறும் கம்பிதான்.

துருப்பிடித்து, சேறு அப்பி, யாரும் திரும்பிப் பார்க்காத அந்த இரண்டு சுருள்களும் உண்மையில் என்ன செய்கின்றன? 'மெத்தென்று இருக்கும்' என்பது பாதிப் பதில்தான். அவற்றின் முதல் வேலை, நமக்கு நேரம் வாங்கித் தருவது.

அடியும் நேரமும்

மணிக்கு 15 கிலோமீட்டர் என்பது சாவகாசமாக மிதிக்கும் வேகம். நொடிக்கு நான்கு மீட்டருக்குச் சற்று அதிகம். இந்த வேகத்தில் ஒரு 28 அங்குலச் சக்கரம், இரண்டு சென்டிமீட்டர் உயரமுள்ள கல்லில் முட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். முட்டிய நொடியிலிருந்து கல்லின் உச்சிக்கு ஏறுவதற்குள் சக்கரம் 12 சென்டிமீட்டர் முன்னே நகர்ந்திருக்கும். அதற்கு ஆகும் நேரம், ஒரு நொடியில் 35-ல் ஒரு பங்கு. கண் இமைக்கக்கூட அதைவிட அதிக நேரம் வேண்டும்.

டயரில் காற்று இல்லை, சீட்டில் ஸ்பிரிங்கும் இல்லை என்றால், அவ்வளவு சிறிய நேரத்துக்குள் நம் உடல் முழுவதையும் மேலே தூக்கியாக வேண்டும். ஒரு பொருளை எவ்வளவு சீக்கிரம் கிளப்ப வேண்டுமோ அவ்வளவு அதிக விசை தேவை. அந்த விசைதான் இடுப்பெலும்பில் அடியாக விழுகிறது.

ஸ்பிரிங் இருந்தால் கதை மாறுகிறது. கல் சக்கரத்தைத் தூக்கும், சக்கரம் சட்டத்தைத் தூக்கும், ஆனால் சட்டத்துக்கும் உடலுக்கும் நடுவில் இருக்கும் ஸ்பிரிங் அமுங்கிக்கொடுக்கும். கல் தந்த ஆற்றல் அந்தச் சுருளுக்குள் ஒரு கணம் தங்கும். பிறகு அது விரியும்போது உடல் நிதானமாக எழும்பும். உடல் எழும்பாமல் இருப்பதில்லை. 35-ல் ஒரு பங்கு நொடியில் நடக்க வேண்டியது, ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நொடிக்கு நீண்டுவிடுகிறது. அந்த நீட்டிப்பிலேயே உச்ச விசை பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

முறுக்கப்படும் கம்பி

ஸ்பிரிங்கை அமுக்கும்போது கம்பிக்கு என்ன ஆகிறது? சுருள் குட்டையாகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். ஆனால் அதற்குள் இருக்கும் எஃகுக் கம்பியின் நீளம் மாறுவதில்லை. அது வளைவதும் மிகக் கொஞ்சம்தான். நடப்பது முறுக்கம். நாம் சீட்டில் உட்கார்ந்ததும், அந்தக் கம்பியின் ஒவ்வொரு அங்குலமும் தன்னைத்தானே அச்சாகக் கொண்டு கொஞ்சம் முறுக்கிக்கொள்கிறது. ஈரத்துணியைப் பிழிகையில் துணிக்கு ஏற்படும் முறுக்கு அது. எழுந்ததும் முறுக்கு அவிழ்ந்துவிடும்.

இதற்குச் சாட்சி ஒடிந்த ஸ்பிரிங்கிலேயே இருக்கிறது. பழைய சைக்கிள் கடையில் கழித்துப் போட்ட சீட்டு ஸ்பிரிங் ஒன்றை எடுத்து, ஒடிந்த முகத்தைப் பாருங்கள். பெரும்பாலும் கம்பி குறுக்கே நேராக ஒடிந்திருக்காது. ஏறக்குறைய 45 டிகிரி சாய்வில், ஒடிந்த முகம் சரிந்து போயிருக்கும். இதையே வகுப்பறையில் ஒரு சாக்பீஸை வைத்துச் செய்து பார்க்கலாம். வளைத்து ஒடித்தால் சாக்பீஸ் நேராக ஒடியும். இரு முனைகளையும் பிடித்து வளைக்காமல் முறுக்கி ஒடித்தால், ஒடிந்த முகம் சாய்ந்து திருகிக்கொண்டு போகும். முறுக்கத்தால் ஒடியும் பொருள் விட்டுச்செல்லும் அடையாளம் அது. ஸ்பிரிங் ஒடியத் தொடங்கும் இடத்தையும் அங்கே காணலாம். சுருளின் உட்பக்கத்தில்தான் அழுத்தம் மிகுதி. அங்கே மழைநீர் தங்கி ஒரு புள்ளி துரு அரித்தால் போதும். ஒவ்வொரு குலுக்கலுக்கும் விரிசல் மயிரிழையாக வளர்ந்து, ஒருநாள் 'டக்' என்று விட்டுவிடும்.

முறுக்கத்தில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. ஒரு பட்டையை ஒரு முனையில் பிடித்து வளைத்தால், பிடித்த இடம்தான் அதிகம் சிரமப்படும். மறுமுனை சும்மா இருக்கும். சுருளில் அந்த ஏற்றத்தாழ்வு கிடையாது. கம்பியின் நீளம் நெடுக எல்லாப் பகுதிகளும் சுமையைச் சமமாகப் பங்கு போட்டுக்கொள்கின்றன. உள்ளங்கைக்குள் அடங்கும் எஃகு, ஒரு மனிதரின் எடையைப் பல ஆண்டுகள் தாங்கித் துள்ளுவது இப்படித்தான்.

எவ்வளவு விசைக்கு எவ்வளவு அமுங்கும் என்ற விதியைச் சொன்னவர் ராபர்ட் ஹூக். 1676-ல் அதை எழுத்துகளைக் கலைத்துப் போட்ட ஒரு புதிராக அச்சிட்டார். 1678-ல்தான் புதிரை அவிழ்த்தார். நீட்சி எவ்வளவோ விசையும் அவ்வளவு என்பதுதான் விடை. ஆனால் ஒரு குறிப்பிட்ட சுருள் எவ்வளவு விறைப்பாக இருக்கும் என்பதைக் கம்பியின் கனமும், வளையத்தின் அகலமும், சுற்றுகளின் எண்ணிக்கையும் சேர்ந்து முடிவுசெய்கின்றன. சுற்றுகள் இரண்டு மடங்கானால் விறைப்பு பாதியாகும். வளையத்தின் அகலம் பத்தில் ஒரு பங்கு கூடினால் விறைப்பு கால்வாசி குறையும். கம்பியின் கனம்தான் இவை எல்லாவற்றையும்விட வலுவாகப் பேசும். விறைப்பு, விட்டத்தின் நான்காம் மடியில் ஏறுகிறது. 4 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதிலாக 5 மில்லிமீட்டர் கம்பியில் அதே சுருளைச் சுற்றினால், விறைப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்கு. 'நல்ல கனமான ஸ்பிரிங்காப் போடுங்க' என்று கேட்டு வாங்குகிறவர் பலமான சீட்டைப் பெறுகிறார். கூடவே, சுகத்தைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறார்.

ஒரு ஸ்கேல் போதும்

ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கும் உடலை ஒருமுறை தட்டிவிட்டால், அது தனக்கென்று ஒரு தாளத்தில் மேலும் கீழும் ஆடும். அந்தத் தாளம்தான் சீட்டின் குணம். அதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டாம், ஒரு ஸ்கேல் போதும்.

சைக்கிளைச் சுவரோரம் நிறுத்தி, யாரும் உட்காராதபோது ஸ்பிரிங்கின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு வழக்கமாக ஓட்டுவது மாதிரியே உட்கார்ந்துகொண்டு, இன்னொருவரை விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். எத்தனை மில்லிமீட்டர் அமுங்கியதோ, அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் 15.8-ஐ வகுத்தால், உங்கள் உடல் அந்தச் சீட்டில் நொடிக்கு எத்தனை முறை ஆடும் என்பது கிடைத்துவிடும். 10 மில்லிமீட்டர் அமுங்கினால் நொடிக்கு 5 முறை. இரண்டரை மில்லிமீட்டர்தான் அமுங்கியது என்றால் 10 முறை. எடை என்ன, எஃகு என்ன என்று எதுவும் கேட்காமல், அமுங்கிய அளவு ஒன்றே விடையைச் சொல்லிவிடுகிறது. இயற்பியலில் இவ்வளவு எளிய கணக்கு இவ்வளவு பயனுள்ள விடையைத் தருவது அபூர்வம்.

இந்த எண்ணை வைத்துக்கொண்டு சாலையைப் பார்ப்போம். ஸ்பிரிங் எல்லாக் குலுக்கலையும் தடுப்பதில்லை. தன் தாளத்தைப்போல் 1.4 மடங்குக்கு மேல் வேகமாக வரும் குலுக்கல்களை மட்டுமே குறைக்கும். நொடிக்கு 5 முறை ஆடும் சீட்டு, 7-க்கு மேற்பட்ட அதிர்வுகளை வடிகட்டும். 20 சென்டிமீட்டர் நீளமுள்ள பேவர் பிளாக் பாவிய தெருவில் 15 கிலோமீட்டர் வேகத்தில் போனால், நொடிக்கு 21 இணைப்புகளைக் கடப்போம். ஏட்டுக் கணக்கின்படி அதில் பதினாறில் ஒரு பங்கு அதிர்வுதான் உடலுக்கு வந்துசேரும். ஸ்பிரிங்கின் பெருமை முழுமையாகத் தெரியும் இடம் இது.

அதே சீட்டு, 80 சென்டிமீட்டருக்கு ஒரு மேடு என்று அலையலையாகக் கிடக்கும் மண்சாலையில் எதிரியாக மாறும். அங்கே நொடிக்கு 5 மேடுகள். சாலையின் தாளமும் சீட்டின் தாளமும் ஒன்றாகிவிடும். பாடப் புத்தகத்தில் ஒத்ததிர்வு என்று படித்தது இதுதான். ஒவ்வொரு மேடும் முந்தைய துள்ளலோடு சேர்ந்துகொள்ள, ஆட்டம் பெருகிக்கொண்டே போகும். எஃகுச் சுருளுக்குத் துள்ளலைத் தானாக அடக்கும் குணம் மிகவும் குறைவு. தோலும் ரெக்சினும், உட்கார்ந்திருப்பவரின் சதையும்தான் கொஞ்சம் அடக்குகின்றன. இதற்கு மருந்து வேகத்தை மாற்றுவதுதான். கொஞ்சம் மெதுவாகவோ கொஞ்சம் வேகமாகவோ போனால் தாளம் பிரிந்துவிடும். கிராமத்துச் சாலையில் வண்டி ஓட்டிப் பழகியவர்கள் இதை எந்தச் சூத்திரமும் இல்லாமல் செய்துவிடுகிறார்கள்.

அப்படியானால் ஸ்பிரிங்கை இன்னும் மென்மையாக்கி, தாளத்தை இரண்டு, மூன்றுக்கு இறக்கிவிடலாமே என்று தோன்றும். அங்கே குறுக்கே நிற்பவை நம் கால்கள். நிமிடத்துக்கு 60 அல்லது 70 சுற்று மிதிக்கிறோம். ஒரு சுற்றுக்கு இரண்டு கால்களும் ஒவ்வொரு முறை அழுத்துவதால், நொடிக்கு இரண்டு முறைக்குச் சற்று அதிகமாக உடலுக்கு ஓர் உந்து கிடைக்கிறது. சீட்டும் அதே தாளத்துக்கு வந்துவிட்டால், ஒவ்வொரு மிதிக்கும் சேர்ந்து குதிக்கும். மேலும், 40 மில்லிமீட்டர் அமுங்கும் சீட்டில் பெடலுக்கும் இடுப்புக்கும் உள்ள தூரம் மாறிக்கொண்டே இருக்கும், முழங்கால் நோகும். மறுபக்கம், உட்கார்ந்திருக்கும் மனித உடல் மேலும் கீழுமான குலுக்கலை மிக மோசமாக உணர்வது நொடிக்கு 4 முதல் 8 முறை என்ற எல்லைக்குள். ஆக, காலின் தாளம் ஒரு பக்கம், உடலின் தாளம் மறுபக்கம். சீட்டு ஸ்பிரிங் இந்த இரண்டுக்கும் நடுவே சமரசம் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

சக்கரத்துக்கு வந்த காற்று

குலுக்கலிலிருந்து தப்பும் வழியைத் தேடியதுதான் சைக்கிளின் முதல் எழுபது ஆண்டு வரலாறு. 1817-ல் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் ஓட்டிக் காட்டிய மரவண்டியில் பெடலே கிடையாது. காலால் தரையை உந்தித் தள்ள வேண்டும். அதிலும் உட்கார ஒரு மெத்தை இருந்தது. 1860-களில் பாரிஸிலிருந்து பரவிய பெடல் வண்டிகளுக்கு மரச்சக்கரமும் இரும்புப் பட்டையும். கல் பாவிய தெருக்களில் அவை குலுக்கிய குலுக்கலில் ஆங்கிலேயர்கள் அவற்றுக்கு எலும்புலுக்கி என்றே பட்டப்பெயர் வைத்தார்கள். சீட்டை நீண்ட எஃகுப் பட்டை ஒன்றின்மேல் பொருத்தியும் எலும்பு தப்பவில்லை.

அடுத்து வந்தது முன்சக்கரம் ஆளுயரத்துக்கு நிற்கும் வண்டி. பெரிய சக்கரம் சிறு பள்ளங்களுக்குள் இறங்காமல் தாண்டிவிடும் என்பதால் குலுக்கல் குறைந்தது. ஆனால் தலைகுப்புற விழும் ஆபத்து இருந்தது. 1885-ல் ஜான் கெம்ப் ஸ்டார்லி கொண்டுவந்த ரோவர் வண்டி இன்றைய சைக்கிளின் உருவத்துக்கு அடித்தளம் போட்டது. சக்கரங்கள் சிறியவையாகி ஆபத்து நீங்கியது. குலுக்கல் திரும்பி வந்தது. அந்த ஆண்டுகளில் சட்டத்திலேயே ஸ்பிரிங் வைத்த வண்டிகள்கூட இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தன. பர்மிங்காமில் தோல் பொருட்கள் செய்துவந்த ஜான் போல்ட்பீ புரூக்ஸ், 1882-ல் சைக்கிள் சீட்டுக்குக் காப்புரிமை கோரினார். அவருடைய நிறுவனம் செய்து பரப்பிய சீட்டில், கனமான மாட்டுத்தோல் முன்னும் பின்னுமாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். அதன் பின்பக்கத்தைச் சுருள்கள் தாங்கும் வகை பிறகு உலகெங்கும் பரவியது.

பெரிய விடை வேறொரு திசையிலிருந்து வந்தது. பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தன் மகனின் மூன்றுசக்கர வண்டிக்காகக் காற்றடைத்த ரப்பர்க் குழாயைச் செய்து பார்த்து, 1888-ல் காப்புரிமை பெற்றார். ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845-லேயே இதே யோசனைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார் என்பது பிறகு தெரியவந்து, டன்லப்பின் உரிமை செல்லாமல் போனது. ஆனாலும் டயர் நின்றுவிட்டது. 1889-ல் பெல்ஃபாஸ்டில் நடந்த பந்தயங்களில் வில்லி ஹ்யூம் காற்று டயரோடு ஓடி வென்ற பிறகு, சட்டத்தில் ஸ்பிரிங் வைத்த வண்டிகளின் காலம் முடிந்தது. சீட்டு ஸ்பிரிங் மட்டும் முடியவில்லை.

ஏன் என்றால், டயர் செய்யும் வேலை வேறு. சிறு ஜல்லிக் கல் டயருக்குள் அப்படியே அமிழ்ந்துவிடும். சக்கரத்தின் அச்சு அவ்வளவாக அசையாது. மில்லிமீட்டர் அளவுக் கரடுமுரடு டயரின் பங்கு. சென்டிமீட்டர் அளவுக் குலுக்கலில் சீட்டு ஸ்பிரிங் கைகொடுக்கும். அதற்கும் மேற்பட்ட பள்ளங்களுக்கு நம் முழங்கால்தான் துணை. பள்ளம் வருவதைக் கண்டதும் பெடலில் ஊன்றி லேசாக எழுந்துகொள்கிறோமே, அதுதான் சைக்கிளில் இருக்கும் மிகப் பெரிய ஸ்பிரிங். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்ற இரண்டால் அதன் இடத்தை நிரப்ப முடியாது.

நிமிர்ந்து உட்காருகிறவர்கள்

பந்தய சைக்கிளில் ஸ்பிரிங் இல்லையே என்று கேட்கலாம். அதில் ஓட்டுபவர் முன்னே குனிந்திருக்கிறார். எடையில் நல்ல பங்கைக் கைகளும் பெடல்களும் தாங்குகின்றன. மடங்கிய முழங்கையும் சாய்ந்த முதுகும் அடியை வாங்கிக்கொள்கின்றன. நம் ஊரில் பால்கேன் கட்டிப் போகிறவரும், வேலைக்கும் சந்தைக்கும் போகிறவரும் ஓட்டும் கறுப்பு நிறப் பெரிய சைக்கிள் அப்படிப்பட்டதல்ல. ஆங்கிலேயர்களின் வார்ப்பில் வந்து, அம்பத்தூரில் 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், லூதியானாவில் 1956-ல் தொடங்கிய ஹீரோ போன்ற நிறுவனங்கள் வழியாக நாடெங்கும் நிறைந்த வண்டி அது. அதில் நிமிர்ந்துதான் உட்கார முடியும். எடையின் பெரும் பங்கு சீட்டில். முதுகெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக நேரே நிற்பதால், கீழிருந்து வரும் அடி நேராக மேலே ஏறும். அந்த உட்காரும் முறைக்கு ஸ்பிரிங் அலங்காரமாக வைத்ததல்ல. அது இல்லாமல் முடியாது.

சீட்டு அகலமாக இருப்பதும் அதே காரணத்தால்தான். நிமிர்ந்து உட்காரும்போது, இடுப்பெலும்பின் அடியிலுள்ள இரண்டு முட்டுகள் உடலைத் தாங்குகின்றன. அவற்றுக்கு இடையே பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் இருக்கும். அந்த இரண்டும் சீட்டின் அகலமான பகுதியில் அமர வேண்டும். நடுவில் உள்ள மென்மையான பகுதியில் நரம்புகளும் இரத்தக் குழாய்களும் போகின்றன. அங்கே சுமை விழக் கூடாது. வலிக்கிறது என்று மிக மெத்தென்ற ஜெல் உறை வாங்கி மாட்டுகிறவர்களுக்கு வலி சில நேரம் கூடிவிடுவது இதனால்தான். எலும்பு முட்டுகள் இரண்டும் ஜெல்லுக்குள் புதைய, பிதுங்கிய ஜெல் நடுவில் எழும்பி, எங்கே அழுத்தக் கூடாதோ அங்கே அழுத்துகிறது. மெத்தை எடையைப் பரப்பும். குலுக்கலை ஏற்றுக்கொள்ள அதற்குச் சில மில்லிமீட்டர் ஆழம்தான் உண்டு, அதுவும் உட்கார்ந்ததுமே தீர்ந்துவிடும்.

ஆகவே சீட்டு வலிக்கிறதென்றால் பார்க்க வேண்டிய வரிசை ஒன்று உண்டு. முதலில் டயரில் காற்று: கல்லாகும்வரை அடித்துவிட்டால், ஜல்லியை விழுங்கும் வேலையை அது நிறுத்திவிடும். அடுத்து சீட்டின் சாய்வும் உயரமும். மூக்கு மேலே தூக்கியிருந்தால் எந்த ஸ்பிரிங்கும் உதவாது. மூன்றாவதாக, ஸ்கேலை எடுத்து ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குகிறது என்று பாருங்கள். 70 கிலோ எடையுள்ளவருக்கு அமுங்காமல் முரண்டுபிடிக்கும் ஸ்பிரிங், வெறும் இரும்புக் கம்பிதான்.

இந்த மூன்றாவது சோதனையில்தான் பெரிய அநீதி வெளிப்படுகிறது. பெரியவர்களுக்காகச் சுற்றிய ஸ்பிரிங்கின்மேல் 35 கிலோ எடையுள்ள பிள்ளை உட்கார்ந்தால், 10 மில்லிமீட்டர் அமுங்க வேண்டியது 5 மில்லிமீட்டர்தான் அமுங்கும். நொடிக்கு 5 ஆக இருந்த தாளம் 7-ஐத் தாண்டிவிடும். உடல் மிகவும் நோகும் அதிர்வுகளை வடிகட்டாமல் அப்படியே மேலே அனுப்பும் சீட்டு அது. தினமும் பள்ளிக்கு மிதித்துப் போகும் பிள்ளைகள் இதைப் பற்றிப் புகார் சொல்வதில்லை. சைக்கிள் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அப்படி இருக்க வேண்டியதில்லை. கம்பியின் கனம் நான்காம் மடியில் பேசும் என்று பார்த்தோம். 5 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதிலாக 4.2 மில்லிமீட்டர் கம்பியில் அதே சுருளைச் சுற்றினால் விறைப்பு சரிபாதியாகிவிடும். 35 கிலோ பிள்ளைக்கு 70 கிலோ பெரியவரின் அதே சுகம் கிடைக்கும். சுமையும் பாதிதான் என்பதால் கம்பி ஒடியும் பயமும் கூடிவிடாது. புது எந்திரமோ புது உலோகமோ எதுவும் வேண்டாம். எஃகும் கொஞ்சம் மிச்சம். சைக்கிள் செய்கிறவர்கள் ஓட்டுபவரின் எடையைக் கேட்டு இரண்டு வகை ஸ்பிரிங் தர வேண்டும். வாங்குகிறவர்கள் அதைக் கேட்க வேண்டும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அந்த வித்தியாசம், ஒரு பிள்ளையின் முதுகில் தினமும் விழும் நூற்றுக்கணக்கான அடிகளைக் குறைத்துவிடும்.